பதினொண்ணு

அணை நிரம்பிய வருஷம் எல்லோரும் சந்தோஷமாக இருந்தபோது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த ஒரே ஆள் பக்கத்து வீட்டு அக்காதான். அவளுடைய பூசணிக்கொடி அழுகிக்கொண்டிருந்தது.

"ஏழு ஊரும் வயிறாரக் குடிக்குதாம். என் கொடி மட்டும் முங்கிச் சாகுது," என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று புலம்புவாள். நான் சிரிப்பேன். பத்து வருஷமாகக் குட்டை மாதிரிக் கிடந்த அணை அது. கீழே ஏழு ஊர்களும் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசை வைத்துவிட்டுக் காத்துக் கிடந்தன. மூன்று வாரம் விடாமல் பெய்த மழையில் அணை விளிம்புவரை வந்து நிற்கிறது, இவளுக்குப் பூசணிக்காய்க் கவலை. சிரிக்காமல் என்ன செய்வது? அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கரையின் அடிவாரத்தில் எங்களுக்கு மூன்றே வீடுகள். ஒன்று பூட்டிக் கிடந்தது. ஒன்றில் நான். அணைத் தண்ணீரை மணலில் வடித்து, மருந்து போட்டு ஊர்களுக்கு அனுப்பும் வடிகட்டி நிலையம் என் பொறுப்பு. மூன்றாவது வீட்டில் அக்காவும் அவள் புருஷனும். அவரை நான் அண்ணன் என்பேன். சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே புல் முளைத்த மண்கரை, நாலு மாடி உயரத்துக்கு. வானம் பார்க்கவேண்டும் என்றால் கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்க்கவேண்டும். கரைக்கு அந்தப் பக்கம் நம் தலைக்கு மேலே தண்ணீர் நிற்கிறது என்ற நினைப்பு வேலைக்கு வந்த புதிதில் தூங்கவிடாது. அப்புறம் பழகிவிடும். மனுஷன் எதற்குத்தான் பழகமாட்டான்?

அண்ணனைத் தலைமை ஆபீசில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பதினொண்ணு' என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்குக் காரணம் அவருடைய வேலை. மண்ணால் கட்டிய கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்தக் கசிவெல்லாம் அடிவாரத்தில் ஒரு சின்ன வாய்க்காலில் சேர்ந்து, கடைசியில் ஒரு இரும்புத் தகட்டின் நடுவே ஆப்பு போல வெட்டிய திறப்பு வழியாக விழும். பக்கத்தில் அளவுகோல் நட்டிருக்கும். தினமும் காலை ஏழு மணிக்குத் திறப்பில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் நிற்கிறது என்று பார்த்து, நோட்டில் எழுதி, போனில் சொல்லவேண்டும். பன்னிரண்டு வருஷமாக அவர் சொன்ன எண் பதினொண்ணு. வெயிலிலும் பதினொண்ணு, மழையிலும் பதினொண்ணு.

"எழுதுறதுக்குப் பதிலா ஒரு ரப்பர் ஸ்டாம்ப் அடிச்சு வெச்சுக்கங்கண்ணே," என்று கிண்டல் செய்வேன்.

"என் கரை அப்படிடா தம்பி. சொன்ன பேச்சு கேக்கும்," என்பார் பெருமையாக.

மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில், எட்டு மணி இருக்கும், நான் மணல் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா முழங்கால்வரை சேறோடு வந்தாள். கையில் சமையலறை ஜாடி.

"தம்பி, இதைக் கொஞ்சம் பாரேன்."

"என்னக்கா, டீயா?" பார்வைக்கு டீ மாதிரித்தான் இருந்தது.

"விளையாடாத. பாரு."

"தோட்டத்துச் சேறுக்கா. கொடியே முங்கிக் கிடக்கும்போது தண்ணி கலங்காம என்ன செய்யும்?"

"தோட்டத்துல எடுக்கல. வாய்க்கால்ல எடுத்தேன். கரையை ஒட்டி, மேல் முனையில."

மருந்தின் அளவு பார்க்க நான் வைத்திருக்கும் கண்ணாடிக் குவளையில் அதை ஊற்றி மேசையில் வைத்தேன். கலங்கல் எதுவானாலும் அசையாமல் வைத்தால் தன் நிறத்தைக் காட்டிவிடும். அக்காவை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அரைமணி நேரம் இரண்டு பேரும் அந்தக் குவளையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அடியில் படிந்தது மஞ்சள் களிமண். விரல் நகம் கனத்துக்கு, வெண்ணெய் மாதிரி வழவழப்பாக.

எங்கள் பக்கத்து மண் கறுப்பு. மஞ்சள் களிமண் அங்கே எங்கேயும் கிடையாது. அதைக் கரையின் வயிற்றுக்குள் வைத்துக் கட்ட என்றே எங்கிருந்தோ லாரி லாரியாகக் கொண்டுவந்தார்கள். தண்ணீர் ஊடுருவாமல் தடுப்பது அதுதான். மிச்சமானது ஒரு மேடாக என் நிலையத்துக்குப் பின்னால் இன்னும் கிடக்கிறது. தினமும் பார்க்கிறவனுக்கு அந்த நிறம் தெரியாதா? கசிவு தெளிவாக வந்தால் கரை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மஞ்சளாக வந்தால், கரையை உள்ளேயிருந்து தண்ணீர் தின்றுகொண்டிருக்கிறது.

பயம் வந்தால் எனக்குப் பசிக்கும். அது ஒரு வியாதி. காலையில்தான் நாலு ரொட்டி தின்றிருந்தேன், வயிறு கூப்பாடு போட்டது.

"அண்ணன் பாத்தாரா?"

"பாத்தாரு. மழைத் தண்ணி கலந்திருக்கும்னாரு. போன் போட்டு பதினொண்ணுன்னு சொல்லிட்டு சாப்பிட உக்காந்துட்டாரு."

"அக்கா, இவ்வளவு கலங்கி வருதுன்னா தண்ணியும் கூடியிருக்கணும். பதினொண்ணு எப்படி பதினொண்ணாவே நிக்கும்?"

அவள் ஜாடியின் பிடியைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள்: "அதுதான் தம்பி எனக்கு உயிரே இல்ல. கூடின தண்ணி பூரா என் தோட்டத்துக்கு வந்துட்டு இருக்கு."

விஷயம் இவ்வளவுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், குடியேறிய புதிதில், தகட்டுக்குப் பத்தடி மேலே வாய்க்காலின் பக்கவாட்டில் ஒரு சின்ன வெட்டு போட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் திருப்பியிருக்கிறாள். வெட்டிக் கொடுத்ததே அண்ணன்தான். அன்றைக்கு அளவு பன்னிரண்டிலிருந்து பதினொன்றாக இறங்கியது. ஒரு சென்டிமீட்டர் தானே என்று விட்டுவிட்டார். ஆனால் அந்த வெட்டு, மாட்டைத் தடுக்கும் வேலியில் விட்ட சந்து மாதிரி. வாய்க்காலில் தண்ணீர் கூடும்போதெல்லாம் கூடின அத்தனையும் தகட்டுக்கு வராமல் அந்தச் சந்தில் நழுவித் தோட்டத்துக்குப் போய்விட்டது. கரை சொன்ன பேச்சு கேட்டதாக அவர் நினைத்தார். கரை சொன்னதை அவர் கேட்கவே இல்லை.

அந்தத் தோட்டத்து அவரைக்காயும் பூசணிக்காயும் வாரம் இரண்டு முறை என் வீட்டுக்கும் வரும். பன்னிரண்டு வருஷமும் நாக்கைச் சப்புக்கொட்டித் தின்றிருக்கிறேன். அந்த வெட்டை ஆயிரம் தடவை தாண்டிப் போயிருக்கிறேன். எனக்கும் தோன்றவில்லை. யாரைக் குற்றம் சொல்ல?

அண்ணன் அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். குவளையை அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார், என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"மழைத் தண்ணி," என்றார்.

"மழை கறுப்பு மண்ணைத்தான் கரைக்கும்ணே. இது மஞ்சள்."

"காலையில பாத்தேன்ல. பதினொண்ணு. ஒரு நூல் கூட ஏறல."

"பதினொண்ணு இல்லைங்க," என்றாள் அக்கா. "நான்தான் பதினொண்ணா ஆக்கி வெச்சிருக்கேன். அந்த வெட்டை அடைச்சிட்டு பாருங்க."

அவர் உரித்த முட்டையைத் தட்டில் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

மண்வெட்டி, சாக்கு, துவைகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு போனோம். மறுபடி தூறல். தோட்டம் என்று ஒன்று இல்லை, கணுக்காலுக்கு மேலே மஞ்சள் தண்ணீர், அதில் பூசணி இலைகள் கவிழ்ந்து மிதந்தன. அண்ணனும் நானும் துவைகல்லைப் புரட்டி வெட்டின் வாயில் வைத்தோம். அக்கா சாக்கில் மண்ணை வாரி வாரிக் கொடுத்தாள். இரண்டு பக்கமும் மிதித்து இறுக்கினோம். தோட்டத்துக்குப் போன சத்தம் நின்றது. அண்ணன் தகட்டுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார்.

பன்னிரண்டு. அது சட்டென்று வந்துவிட்டது. பதினாலு. பதினேழு.

"நிக்கும்," என்றார் அண்ணன். "இதோட நிக்கும்."

பத்தொன்பது. அந்தத் திறப்பு மேலே போகப் போக அகலம். அளவு இரட்டித்தால் தண்ணீர் ஐந்தாறு மடங்கு என்று அர்த்தம். அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருபத்தொன்று. அக்கா என் தோளைப் பிடித்திருந்தாள், எவ்வளவு இறுக்கமாக என்பது அவள் கையை எடுத்த பிறகுதான் தெரிந்தது. இருபத்து மூன்றில் நின்றது.

நான் கரையை நிமிர்ந்து பார்த்தேன். புல், மேலே மேகம், எல்லாம் நேற்று போலவே. அதுதான் அதிகம் பயமுறுத்தியது.

"போன் போடுங்கண்ணே."

அவர் எழுந்திருக்கவில்லை. "என்னன்னு சொல்றது? காலையில பதினொண்ணு, இப்ப இருபத்து மூணுன்னா? எப்பலேருந்துன்னு கேப்பாங்க. எப்பலேருந்து? எனக்கே தெரியாதே. போன மாசமா, போன வருஷமா?"

"எதையாவது சொல்லுங்க. முதல்ல சொல்லுங்க."

"சொன்னா மதகைத் திறக்கச் சொல்லுவாங்க. பாதி அணையாவது கடலுக்குப் போகும். ஏழு ஊரு பத்து வருஷம் கழிச்சு இப்பத்தான் குழாயைத் திறந்து குடிக்குது. நாளைக்கு ஒண்ணுமே இல்லைன்னு ஆச்சுன்னா? சும்மா பயந்துட்டேன்னு ஆச்சுன்னா?" அளவுகோலில் ஒட்டிய சேற்றைத் துடைத்தார். "சாயங்காலம்வரை பாப்போம். குறைஞ்சாலும் குறையும்."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. என் மனசும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது: சாயங்காலம்வரை பார்ப்போம். பயந்தவனுக்குச் சாயங்காலம் என்ற சொல்லைப் போல இனிப்பான சொல் வேறு இல்லை.

அக்கா இடுப்பிலிருந்த போனை எடுத்தாள். அவர்கள் மகள் முதல் ஊரில், ஆற்றங்கரைத் தெருவில் இருந்தாள். குழந்தை பிறந்து பத்தொன்பது நாள்.

"ஏ புள்ள, நான்தான். கேள்வி கேக்காத. குழந்தையைத் தூக்கிக்கிட்டு மேட்டுத் தெருவுக்கு உன் நாத்தனார் வீட்டுக்குப் போ. இப்பவே போ... மழையா இருந்தா குடை பிடிச்சுக்கிட்டுப் போ... ஒண்ணுமில்ல. சும்மாதான்... அம்மா சொன்னா ஒரு காரணம் இருக்கும்ல."

அந்தப் பக்கம் மகள் என்னவோ கேட்டுக்கொண்டே இருப்பது எங்களுக்குக் கேட்டது. அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து, உள்ளங்கையால் மூடிக்கொண்டு, புருஷனைப் பார்த்தாள்.

"எதிர்வீட்டுல ஒருத்தி எட்டு மாசம் முழுகாம இருக்காளாம். அவளையும் கூட்டிட்டுப் போகட்டுமான்னு கேக்குறா. என்ன சொல்லட்டும்?"

அண்ணன் தகட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"பக்கத்து வீட்டுலயும் சொல்லட்டுமாங்குறா. சொல்லுங்க. யார் யாருக்குச் சொல்லணும், யாருக்குச் சொல்ல வேணாம்? நீங்களே பிரிச்சுக் குடுங்க."

அவர் கையை ஊன்றி எழுந்தார். முழங்காலில் சேறு ஒட்டியிருந்தது. "தெரு பூரா சொல்லச் சொல்லு," என்றார். பிறகு தன் போனை எடுத்து ஆபீசுக்கு அடித்தார்.

போன் எடுத்தவர் சிரித்த குரல் எனக்கே கேட்டது. "என்ன பதினொண்ணு, காலையிலயே சொல்லிட்டீங்களே?"

"இருபத்து மூணு," என்றார் அண்ணன்.

"என்னது?"

"இருபத்து மூணு. மஞ்சள் கலங்கல். இன்ஜினியர் அம்மாகிட்ட குடுங்க."

இன்ஜினியர் அம்மா வளவளவென்று பேசுகிறவர் இல்லை. மூன்று கேள்வி கேட்டார். எப்போதிலிருந்து என்பது அதில் இல்லை. முதலில் மதகைத் திறக்கச் சொன்னார், முழுசாக. கீழே ஊர்களுக்கு அறிவிப்பதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பிறகு கலங்கல் எங்கிருந்து கொப்பளிக்கிறது என்று கண்டுபிடித்து அங்கே மணல் போடச் சொன்னார்.

"அடைக்காதீங்க," என்றார். "அடைச்சா வேற இடத்துல கிழிச்சுக்கிட்டு வரும். முதல்ல மணல், அதுக்கு மேல சின்ன ஜல்லி, அதுக்கு மேல பெரிய ஜல்லி. தண்ணி வரட்டும், மண்ணு வரக் கூடாது. உங்ககிட்ட மணல் இருக்கா?"

என்னிடம் மணல் இல்லாமலா? தொட்டிகளுக்கென்று சலித்து மூட்டை கட்டி வைத்திருந்த மணல் எழுபது மூட்டை. ஜல்லியும் இருந்தது. வாழ்க்கையில் நான் சேர்த்த சொத்து அதுதான்.

அண்ணன் மதகுக் கைப்பிடியைச் சுற்றப் போனார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது, ஆற்றுக்குள் தண்ணீர் பாயும் சத்தம். ஏழு ஊர்த் தண்ணீர். நான் தள்ளுவண்டியில் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினேன். கரையின் அடியில், புல்லுக்குள், ஒரு சோற்றுப் பானை வாய் அகலத்துக்குக் கொதிக்கிற மாதிரி மஞ்சள் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. முதல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினேன். விழுங்கிவிட்டது. இரண்டாவதையும் விழுங்கியது. அக்கா கூடையில் வாரிப் போட்டாள். தலைக்கு மேலே கரை. குனியும்போதெல்லாம் அது என் முதுகை அழுத்துகிற மாதிரி இருந்தது.

"அக்கா, நீ போயிடு. மேட்டுக்குப் போயிடு."

"நீ போறியா?"

"எனக்கு வேலை இருக்கு."

"எனக்கு மட்டும் என்ன, கல்யாண வீட்டுக்கா வந்திருக்கேன்? கொட்டு."

தலைமை ஆபீசிலிருந்து ஆட்கள் வந்துசேர ஐந்து மணி நேரம் ஆகும். பாதையில் ஒரு பாலம் முங்கியிருந்தது. அதுவரை கால்மணிக்கு ஒரு முறை அளவு சொல்லவேண்டும் என்பது உத்தரவு. அண்ணன் மதகிலிருந்து திரும்பி வந்து தகட்டுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டார். பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

"நீ படி."

"உங்க வேலைங்க அது."

"படியேன். என் கண்ணுக்கு அது பதினொண்ணாவே தெரியுது."

அவள் கையை உதறிவிட்டு வந்து குனிந்தாள். "இருபத்து நாலு," என்றாள். அவர் போனில் சொன்னார்: "இருபத்து நாலு."

அப்படியே போயிற்று. இருபத்து நாலு. இருபத்து நாலு. இருபத்து நாலரை. அந்த அரைக்கு நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் நாற்பது மூட்டை கொட்டியிருப்பேன். மணல் மேலே எழும்பித் தெரிய ஆரம்பித்தது. ஜல்லியைப் பரப்பினேன். கை தோல் உரிந்து எரிந்தது. பசி வேறு. அக்கா மடியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து நீட்டினாள், காலையில் கீழே உருண்ட அதே முட்டை. போகிற போக்கில் எடுத்துச் செருகியிருக்கிறாள். மண்ணைத் துடைத்துவிட்டுத் தின்றேன். அதைப் போல ருசியான ஒன்றை அதற்கப்புறம் நான் சாப்பிட்டதில்லை.

மூன்று மணிக்கு இருபத்து நாலு. மூன்றேகாலுக்கு அக்கா படிக்காமல் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தம்பி, உன் குவளையைக் கொண்டா," என்றாள். கொண்டுவந்து மொண்டேன். டீ இல்லை இப்போது, மங்கலான கண்ணாடி மாதிரி. விரலை மறுபக்கம் வைத்தால் விரல் தெரிந்தது. அக்கா அப்படியே சேற்றில் உட்கார்ந்து அழுதாள். அண்ணன் போனில், "இருபத்து மூணேமுக்கால்... தெளியுது மேடம்... தெளியுதுன்னு நினைக்கிறேன்... நினைக்கல, தெளியுது," என்று சொல்லிக்கொண்டிருந்தார். வண்டிகளின் சத்தம் கரைமேல் கேட்டபோது அவர் இன்னும் குத்துக்காலிட்டபடியே இருந்தார். நான்தான் கைகொடுத்து எழுப்பினேன்.

பிற்பாடு கரையைத் தோண்டிப் பார்த்தார்கள். உள்ளே ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குப் பொந்து இருந்ததாம். இன்னும் இரண்டு நாள் தாங்கியிருக்காது என்றார் இன்ஜினியர் அம்மா. அண்ணனுடைய பன்னிரண்டு வருஷத்து நோட்டுகளை எல்லாம் மேசையில் அடுக்கி, பக்கம் பக்கமாகப் புரட்டினார். பதினொண்ணு, பதினொண்ணு, பதினொண்ணு. திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கலாம் என்றார்கள். தகட்டுக்கு வேறு ஆள் வந்தான். தினமும் ஏழு மணிக்கு அண்ணன் ஜன்னலுக்கு வந்து நிற்பார், அந்த ஆள் போகும்வரை. தோட்டம் இருந்த இடத்தில் மணல்.

கரையைச் சரிசெய்ய அணையை அடிமட்டம்வரை இறக்கவேண்டியிருந்தது. அந்தக் கோடை மோசமான கோடை. ஏழு ஊர்களும் மறுபடி குடத்தை வரிசை வைத்தன. என் தொட்டிகள் காய்ந்து வெடித்தன.

ஒரு நாள் காலை அவர்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மகள் போன் அடித்தாள். அக்கா எங்களுக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தாள். பின்னால் லாரி இன்ஜின் சத்தம், குடங்கள் இடிபடும் சத்தம், குழந்தை சிணுங்கல்.

"ரெண்டு மணி நேரமா நிக்கிறேம்மா. இங்க எல்லாரும் அப்பாவைத்தான் திட்டுறாங்க. நிறைஞ்ச அணையைத் தொறந்து விட்டுட்டான், கையில கிடைச்சா அவனைன்னு... எதிர்வீட்டுக்காரி அவ புள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டுத் திட்டுறா. எனக்கு அழுகையா வருது."

அண்ணன் டீயைக் கீழே வைத்தார். அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "எத்தனை பேருடி நிக்கிறாங்க?"

"யாரு?"

"வரிசையில. எத்தனை பேரு?"

"நிறையப் பேரும்மா. தெரு பூரா இங்கதான் நிக்குது. அம்பது அறுபது இருக்கும்."

"எண்ணிச் சொல்லு."

"என்னம்மா நீ."

"எண்ணிச் சொல்லுடி."

கொஞ்ச நேரம் கழித்து, "அறுபத்து மூணு," என்றாள் மகள், எரிச்சலாக.

அண்ணன் போன் பக்கம் குனிந்தார். அந்தக் கோடையில் அவராகப் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். "குழந்தைங்களைச் சேத்தியா?" என்று கேட்டார்.

"இல்லைப்பா."

"சேத்து எண்ணு. மறுபடி முதல்லேருந்து எண்ணு. வாய்விட்டு எண்ணு."

அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. பிறகு எண்ண ஆரம்பித்தாள். நாங்கள் மூன்று பேரும் அசையாமல் உட்கார்ந்து கேட்டோம். ஒன்பது, பத்து, பதினொண்ணு என்று சொல்லி, நிற்காமல், பன்னிரண்டு, பதிமூணு என்று அவள் போய்க்கொண்டே இருந்தாள்.